கிளிக்கு என்ன பெயர் இடுவது?



சென்ற மாசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் நமது சங்கத்து வந்தனை முடிந்து, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி, அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், உபாசகர் ஒருவர் தம் பத்து வயது மகளுடன் என்னை அணுகினார். அச்சிறுமியின் கையில் துணி போர்த்திய கூடை ஒன்று இருந்தது. துணியை விலக்கினாள். இறகு முழுதும் முளையாத கிளிக்குஞ்சு ஒன்று, தன் தலைக்குப் பொருந்தாத பெரிய அலகைத் திறந்தபடி உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கினால் கிளி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். வாங்கிவிட்டாள், நானும் வாங்கிவிட்டேன். தாங்கள் பரித்தம் ஓதி, நல்லதாக ஒரு பெயர் இட வேண்டும்" என்றார் தந்தை.

சிறுமியோ தந்தை முடிக்குமுன் தன் கேள்விகளைத் தொடங்கிவிட்டாள். "தாத்தா, இதற்கு என்ன கொடுக்கலாம்? இது ஆணா பெண்ணா? ஆணாக இருந்தால் ராஜா என்று வைக்கலாம் என்கிறான் தம்பி. பெண்ணாக இருந்தால் ராணி."

வந்த உயிரை எவ்வாறு வரவேற்பது? அதற்கு என்ன பெயர் இடுவது? அது ஆணா, பெண்ணா? மூன்றும் குழந்தை கேட்ட கேள்விகளே. ஆயினும் அவற்றுக்கு அங்கேயே விடை சொல்ல என் நா எழவில்லை. முதற் கேள்விக்கு மட்டும் விடை சொல்லி, மற்ற இரண்டுக்கும் ஒரு நாள் தவணை கேட்டேன். அந்த ஒரு நாளில் எண்ணியவற்றையே இங்கு எழுதுகிறேன். இது கிளி வளர்ப்போர்க்கு மட்டும் உரிய பேச்சன்று என்பது படிக்கும் அன்பர்களுக்கு விளங்கும்.

1. வரவேற்பு

முதற் கேள்வி தள்ளிப்போட முடியாதது. தத்துவம் நாளைக்குக் காத்திருக்கலாம்; பசித்த குஞ்சு காத்திராது. ஆகவே அச்சிறுமிக்குச் சொன்னது இது:

"அம்மா, வீட்டுக்குப் புதிதாக வந்த உயிருக்கு முதலில் வேண்டுவது கொஞ்சலன்று, வெதுவெதுப்பும் அமைதியும். இறகு முளையாத குஞ்சுக்குத் தாயின் வயிற்றுச் சூடே போர்வை. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூடையின் ஒரு பக்கத்தில் மட்டும் வை. சூடு மிகுந்தால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும். பால் கொடாதே, பறவை பால் குடிக்கும் பிறவி அன்று, அதன் வயிறு அதனைச் செரிக்காது. வாயில் நீரை ஊற்றாதே. அது மூச்சுக்குழலில் இறங்கினால் உயிர் போகும். மாவைக் குழைத்து, கைபொறுக்கும் வெதுவெதுப்பில், சிறிது சிறிதாகக் கொடு. கழுத்தடியில் இருக்கும் இரைப்பை நிறைந்ததும் நிறுத்து. அடுப்பங்கரையில் வையாதே, ஒட்டாத பூச்சுப் பூசிய வாணலி மிகக் காய்ந்து கக்கும் புகை நமக்கு வெறும் நாற்றம், பறவைக்கு நஞ்சு. தெருப் பிள்ளைகள் அனைவரையும் அழைத்து வந்து காட்டாதே. உனக்கு அது புதியது. அதற்கோ உலகமே புதியது."

அவள் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையசைத்தாள். குழந்தைகளிடம் ஒரு நற்குணம் உண்டு, கருணை செய்யும் முறையைச் சொல்லிக் கொடுத்தால், "எதற்கு?" என்று கேட்பதற்கு முன்பே செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் வரவேற்பைப் பற்றிப் பேசுவோர் வரவைப் பற்றியும் பேச வேண்டாமா? விருந்தினர் தாமாக வருபவர். இக்குஞ்சு தானாக வந்ததா? இது செந்தார்ப் பைங்கிளி எனப்படும் நம் நாட்டுப் பச்சைக்கிளியின் குஞ்சு. மரப்பொந்தில் பொரித்துச் சுமார் 7 வாரம் தாய் தந்தையரால் ஊட்டப்பட்ட பின்னரே பொந்தை விட்டுப் பறக்க வேண்டியது. அதற்கு முன்பே ஒருவன் மரமேறிக் கைவிட்டு எடுத்திருக்கிறான். சாக்கிலும் அட்டைப் பெட்டியிலும் அடைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறான். நம்மவர் பணம் கொடுத்திருக்கிறார்.

பகவான் புத்தர் இல்லறத்தார் செய்யலாகாத வாணிகங்கள் ஐந்தினைக் கூறினார். ஆயுதம், உயிர்ப் பிராணி, இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றை விற்றல் அவை. உயிரை விற்றல் இரண்டாவதாக எண்ணப்பட்டது. விற்பவன் இல்லாமல் வாங்குபவன் இல்லை என்பர். வாங்குபவன் இல்லாமல் விற்பவனும் இல்லை. அன்றியும் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பலரும் இதனை அறியார். அறிந்த சிலரும், கிளி சோதிடக்காரன் தெருவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சட்டம் உறங்குகிறது என்று எண்ணிக்கொள்வர்.

இச்சட்டம் நமக்குப் புதியதுமன்று. பேரரசர் அசோகர் முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் பொறித்த சாசனமொன்று உண்டு. ஐந்தாம் தூண் சாசனம் என்பது அதன் பெயர். கொல்லலாகாத உயிர்கள் இவை இவை என்று அதில் ஒரு பட்டியல் தருகிறார். அப்பட்டியலின் முதற் பெயர் எது தெரியுமா? கிளி! இரண்டாவது நாகணவாய். அதே சாசனத்தின் முடிவில், அந்த 26 ஆண்டுகளில் தாம் 25 முறை சிறையாளிகளை விடுவித்ததாகவும் அரசர் குறித்திருக்கிறார். கிளியில் தொடங்கிச் சிறையாளியில் முடியும் அந்தக் கல்லெழுத்தை நினைக்குந்தோறும் என் உள்ளம் உருகும். இரண்டையும் ஒரே கல்லில் எழுதத் தோன்றிய நெஞ்சே தம்மம் புகுந்த நெஞ்சு.

2. பெயர்

மறுநாள் மாலை அவ்வுபாசகர் வீட்டுக்குச் சென்றேன். போகும் வழியெல்லாம் பெயரைப் பற்றியே எண்ணினேன். எத்தனையோ குழந்தைகளுக்குப் பெயரிட்டிருக்கிறேன். கௌதமன், ராகுலன், சுஜாதா, விசாகை என்று இட்ட பெயர்கள் நம் தெருக்களில் ஓடி விளையாடுகின்றன. கிளிக்குஞ்சு ஒன்றுக்குப் பெயரிட ஏன் தயங்குகிறேன்?

காரணம் உண்டு. பெயர் என்பது என்னவென்று நம்மைப் போல் அறிந்தவர் யார்? நம் முன்னோர்க்கு நல்ல பெயர் இடும் உரிமைகூட இல்லாத ஊர்கள் இருந்தன. பெற்றவர் ஒரு பெயர் இட, ஊரார் அதன் வாலை நறுக்கி, இழிவுபடுத்தி, வேறொன்றாக்கி அழைத்தனர். நானோ பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் சேர்ந்த நாள் முதல் பித்தளை வில்லையில் பொறித்த நாலிலக்க எண்ணாக இருந்தேன். மேஸ்திரி எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் "வந்தேன்" என்பேன். ஆலை மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகியும், சில இரவுகளில் அந்த எண்ணைச் சொல்லி யாரோ அழைப்பதாகக் கேட்டு விழித்துக்கொள்கிறேன்.

எனவே பெயர்கள் இரு வகை என்பேன். ஒன்று, அழைக்க இடும் பெயர். மற்றொன்று, ஆள இடும் பெயர். "உன்னை நான் இப்படி அழைக்கலாமா?" என்ற அன்பு முன்னதில் உண்டு. "இனி நீ இதுதான்" என்ற ஆணை பின்னதில் உண்டு.

தம்ம நூல்கள் பெயரைப் பற்றி என்ன சொல்கின்றன? மூன்று கதைகளை நினைவூட்டுகிறேன்.

மிலிந்தன் என்னும் யவன அரசன் நாகசேனத் தேரரைக் கண்டு, "தங்கள் பெயர் யாது?" என்றான். "நாகசேனன் என்று அழைக்கிறார்கள், ஆனால் அது வழக்குக்காக வைத்த ஒரு சொல்லே, அச்சொல்லுக்குள் நிலையான ஓர் ஆள் இல்லை" என்றார் தேரர். தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று கேட்டு அரசன் வாயாலேயே அவனுக்கு விடை வருவித்தார். பெயர் ஒரு கைப்பிடி, பாண்டம் அன்று.

இரண்டாவது, நாமசித்தி ஜாதகம். தட்சசீலத்தில் பாபகன் என்ற மாணவன் இருந்தான். பாவி என்று பொருள்படும் அப்பெயரை வெறுத்து, மங்கலமான பெயரைத் தேடி ஊர் ஊராகச் சென்றான். வழியில் ஒரு பிணத்தைக் கண்டான். இறந்தவன் பெயர் ஜீவகன், அதாவது உயிருள்ளவன். கூலி கொண்டுவராததற்காக அடிபட்டுக்கொண்டிருந்த ஓர் அடிமைப் பெண்ணைக் கண்டான். அவள் பெயர் தனபாலி. காட்டில் வழி தவறித் திரிந்தவனைக் கண்டான். அவன் பெயர் பந்தகன், வழி அறிந்தவன். பாபகன் தன் பழைய பெயருடனேயே ஆசிரியரிடம் திரும்பினான். செல்வமணி என்று பெயரிட்டுப் பட்டினி போடுவதும், ராஜா என்று பெயரிட்டுக் கூண்டில் அடைப்பதும் அந்த தனபாலியின் கதையே அன்றோ?

மூன்றாவது, நந்திவிசாலன் என்ற காளையின் கதை. நூறு வண்டிகளை ஒருங்கே இழுப்பேன் என்று தன் உரிமையாளனைப் பந்தயம் கட்டச் சொன்னது அக்காளை. பந்தய நாளில் அவனோ அதனை வசைச் சொல்லால் விளித்து, "இழு!" என்றான். காளை அசையாமல் நின்றது. அவன் ஆயிரம் பொன் இழந்தான். பின்னர் நல்ல சொல்லால் அழைத்தபோது இழுத்தது. இரண்டாயிரம் பொன் வென்றான். பகவான் இக்கதையை எதற்காகச் சொன்னார் என்பதே நாம் கருத வேண்டுவது. பிக்குகள் சிலர் மற்ற பிக்குகளைப் பிறப்பையும் பெயரையும் தொழிலையும் சொல்லி இழித்துப் பேசினர். அவர்களைக் கண்டித்து, அவ்வாறு பேசுவது குற்றம் என்று விதி செய்தபோது சொன்னார். பிறப்பைச் சொல்லி இழித்தல் குற்றம் என்று இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சங்கத்துக்குச் சட்டம் வகுத்தவர் நம் ஆசான்!

இனி ஒரு புதிய செய்தி. தென்னமெரிக்காவில் வெனிசுலா நாட்டில் வாழும் சிறு பச்சைக்கிளி இனமொன்றை ஆராய்ந்த அறிஞர்கள் 2011ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அக்கிளி ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய ஓர் அழைப்பொலி உண்டாம். பொந்தில் இருக்கும் குஞ்சு அவ்வொலியின் வடிவத்தைத் தன்னை வளர்ப்பவற்றிடமிருந்தே பெறுகிறதாம். ஒரு பொந்தின் முட்டைகளை வேறொரு பொந்துக்கு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகளின் அழைப்பொலி பெற்றவற்றினதைவிட வளர்த்தவற்றினதையே பெரிதும் ஒத்திருந்தது. பெயரிடுதல் மனிதனுக்கே உரிய பெருமை என்று இனி யாரும் மார்தட்ட வேண்டுவதில்லை.

இதைப் படித்த நாள் முதல் எனக்கு ஓர் எண்ணம். பொந்திலிருந்து எடுக்கப்படும் குஞ்சு எதுவும் நம் கைக்கு வருமுன் யாராலும் அழைக்கப்படாதது அன்று. இரை கொண்டுவந்த ஒரு குரல் அதனை அழைத்திருக்கிறது. நாம் இடும் பெயர் வெற்றிடத்தில் எழுதுவதன்று. ஏற்கெனவே எழுதியிருந்ததன் மேல் எழுதுவது. பண்டிதர் அயோத்திதாசர், இழிபெயரால் சுட்டப்பட்ட நம் மக்களுக்கு அதற்கு முன்பே ஒரு பெயரும் ஒரு தன்மமும் இருந்தன என்று வாழ்நாளெல்லாம் எழுதினாரே, அவருடைய பேச்சின் சாரமும் இதுவே. அவர் பிறந்தபோது பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரைத் தாமே விரும்பி ஏற்று அயோத்திதாசர் ஆனார். தானே நன்றியோடு ஏற்கும் பெயரே மனிதனின் உண்மைப் பெயர். கிளியால் அவ்வாறு தேர முடியாது. தேர முடியாததன் மேல் பெயர் இடுபவனுக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

3. ஆணோ, பெண்ணோ?

இக்கேள்விக்கு முதலில் உலகியல் விடையைச் சொல்லிவிடுகிறேன். செந்தார்ப் பைங்கிளியில் சேவலின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் செம்மையுமாக ஒரு தார் படரும்; பேடைக்கு அது தெளிவாக இராது. ஆனால் அந்தத் தார் பிறந்தவுடன் வருவதில்லை. தோன்றி நிறைய இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை சேவலும் பேடையும் ஒன்று போலவே இருக்கும். குஞ்சைத் தூக்கிப் பார்த்து, "தலை பெரிது, ஆண்தான்" என்று சந்தைக்காரன் சொல்வது விலையை ஏற்றும் தந்திரம். உறுதியாக அறிய வேண்டுமானால் ஓர் இறகையோ ஒரு துளி இரத்தத்தையோ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

கண்ணை நம்பி ஏமாந்தது சந்தைக்காரன் மட்டுமன்று. நியூகினித் தீவுப் பக்கத்துக் கிளி இனம் ஒன்றில் சேவல் பச்சை நிறம், பேடை செந்நிறம். இவை இரண்டும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்று அறியாமல், இரு வேறு இனங்கள் என்றே ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிவைத்திருந்தார்கள்.

நம் தமிழ் இலக்கணமோ இவ்வகையில் வியக்கத்தக்கது. "கிளி வந்தது" என்கிறோம். வந்தானா வந்தாளா என்று இலக்கணம் கேட்பதில்லை. அஃறிணையில் ஒன்று, பல என்னும் பாகுபாடுதான். பெயர் வைக்கத் தொடங்கும்போதே ராஜாவா ராணியா என்ற வழக்கு எழுகிறது. அந்த வழக்கில் ஒளிந்திருப்பது கிளியின் நலமா, நம் வீட்டு ஆசையா?

கோசல நாட்டு அரசன் பசேநதி பகவானோடு அமர்ந்திருந்தபோது, அரசி மல்லிகை பெண்மகவு ஈன்றாள் என்ற செய்தி வந்தது. அரசன் முகம் வாடியது. அதைக் கண்ட பகவான், பெண்ணொருத்தி ஆணினும் மேலானவளாக வளரக்கூடும் என்று எடுத்துரைத்தார். பெண்ணுக்கு இரு விரல் அளவே அறிவு என்று ஏளனம் செய்த மாரனை நோக்கிப் பிக்குணி சோமை, உள்ளம் ஒருமைப்பட்டு மெய்யறிவு தோன்றும் இடத்தில் பெண் என்பதற்கு என்ன வேலை என்று கேட்டாள். இவ்விரண்டையும் நாம் மேடையில் சொல்கிறோம், வீட்டில் மறந்துவிடுகிறோம்.

ஆயின் ஆணா பெண்ணா என்று அறிவதே வேண்டாமோ? அப்படியன்று. இதற்கு என் வாழ்விலிருந்தே ஒரு சான்று தர வேண்டியிருக்கிறது. தருவதில் எனக்குப் பெருமை இல்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு கிளி இருந்தது. ராஜா என்று நானே பெயரிட்டேன். சிறகை என் கையாலேயே கத்தரித்தேன். அம்மாவின் தையல் கத்தரிக்கோல் அது. நான்கு ஆண்டுகள் ஆகியும் கழுத்தில் தார் வரவில்லை. "ராஜாவுக்கு மாலை பிந்தி வரும்" என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் காலை அது கூண்டின் அடித்தட்டில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குளிர் என்று எண்ணிச் சாக்குப் போர்த்தினோம். மாலையில் இறந்துவிட்டது. புதைக்கும்போது தந்தையார் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "இது பேடையடா, முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது" என்றார். சுண்ணச்சத்துக் குறைந்த பேடைக்கு இவ்வாறு நேரும் என்பதைப் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். ஓர் ஓட்டுத் துண்டோ, கணவாய் ஓடோ கூண்டில் இட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். நான் அதற்கு ராஜா என்ற பெயரைக் கொடுத்தேன். அதற்கு வேண்டியிருந்ததைக் கொடுக்கவில்லை.

ஆகவே அறிவதில் குற்றமில்லை. எதற்காக அறிகிறோம் என்பதே கேள்வி. அதற்கு வேண்டுவது யாது என்று காண அறிந்தால் அது கருணை. நம் விருப்பத்துக்கு அதனைப் பொருத்த அறிந்தால் அது பிடிப்பு. ஆண் என்று நம்பிப் பெண்ணைப் பாராமல் விட்ட என் குற்றத்தை, மனிதர் வீடுகளிலும் எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதை உபாசிகைகள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

4. அன்று மாலை நடந்தது

இவ்வளவையும் அவ்வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். தந்தையாருக்கு முகம் கறுத்தது. "நாம் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கியிருப்பார். அவர் வீட்டில் எப்படியோ! எங்கள் வீட்டில் பிள்ளை போல வளரும். வெளியே பருந்து இருக்கிறது, பசி இருக்கிறது" என்றார்.

நான் அவரைக் கேட்டேன்: "ஐயா, தங்கள் பாட்டனாரிடம் பண்ணையார் என்ன சொன்னார்? 'வெளியே போனால் பட்டினி கிடப்பாய். இங்கிருந்தால் கஞ்சியாவது கிடைக்கும்' என்று சொல்லவில்லையா? மனிதரும் கிளியும் ஒன்று என்று நான் கூறவில்லை. ஆனால் அந்த வாதமும் இந்த வாதமும் ஒன்று. அதைக் கேட்டு நம் முன்னோர் பட்ட பாட்டை நாம் மறக்கலாமா? 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் தந்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் கருணை கொண்டு காப்பேன் என்பதும் ஒன்று. காப்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இப்போதே மாடியிலிருந்து விட்டுவிடுகிறேன்" என்று எழுந்தார். அவரைத் தடுக்க வேண்டியதாயிற்று. பறக்க அறியாத குஞ்சை விடுவது விடுதலையன்று, கைவிடுதல். விழா நாட்களில் புண்ணியம் தேடிப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்க விடுவோர் சில நாடுகளில் உண்டு. அவர்கள் விடுவிப்பதற்கென்றே வேடர்கள் மேலும் பறவைகளைப் பிடிக்கிறார்கள். அந்தப் புண்ணியமும் நமக்கு வேண்டாம். வனத்துறையாரிடமோ வனவுயிர் மீட்பு இல்லத்திலோ ஒப்படைத்தால், தன் இனத்தோடு வளர்ந்து பறக்கப் பழகிய பின்னர் விடுவிப்பார்கள். அதுவே முறை என்றேன்.

சிறுமி அழவில்லை. கூடையைப் பார்த்தபடியே, "காலை வரைக்கும் இருக்குமே, அதுவரை என்ன என்று கூப்பிடுவது?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஊட்டுபவள் அழைக்காமல் எப்படி ஊட்டுவாள்? நான், "விருந்து என்று கூப்பிடு" என்றேன். அவள் முதல் முறையாகச் சிரித்தாள். "விருந்தா? கிளியைச் சமைத்துச் சாப்பிடவா போகிறோம்?" என்றாள். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. புதிதாக வந்தவரை அதனால் விருந்து என்றார்கள். உண்ணும் உணவுக்கு அப்பெயர் ஆனது பிறகு என்று விளக்கினேன். ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். விருந்து என்று அழைப்பவர், அது ஒரு நாள் போகும் என்பதையும் ஒப்புக்கொண்டே அழைக்கிறார்கள். அன்றிரவு அவள் மும்முறை எழுந்து வெந்நீர்ப் புட்டியை மாற்றினாளாம்.

மறுநாள் மூவருமாக மீட்பு இல்லத்துக்குச் சென்றோம். அங்கிருந்தவர் குஞ்சை எடைபோட்டு ஒரு படிவத்தை நிரப்பினார். இனம் எழுதினார், எடை எழுதினார். ஆணா பெண்ணா என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதினார். பெயருக்கு அப்படிவத்தில் இடமே இல்லை. சிறுமி அதனை உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் வழியில்தான் கேட்டாள்: "தாத்தா, அது என்னை மறந்துவிடுமா?"

"மறந்தால்தானம்மா அதற்கு நல்லது" என்றேன். அப்போதுதான் அழுதாள். நான் தேற்றவில்லை. தம்மம் இனிது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அன்றைக்கு அது பத்து வயதுப் பிள்ளைக்குக் கசந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பற்றின்றி அன்பு செய்வது எப்படி என்று நாற்பது ஆண்டுகளாகக் கேட்டும் படித்தும் பேசியும் வருகிறேன். அவள் அதனை இரண்டு இரவுகளில் செய்து முடித்தாள்.

அன்பர்களே! உங்கள் வீட்டில் நம் நாட்டுக் கிளி கூண்டில் இருக்குமானால் வனத்துறையாரிடம் தெரிவித்து ஒப்படையுங்கள். ஆஸ்திரேலிய இனமான சிறு கிளிகளை, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவற்றை, ஏற்கெனவே வைத்திருப்பீர்களானால் அவற்றைத் திறந்துவிடாதீர்கள். அவை இம்மண்ணில் பிழைக்க அறியா. உயிர் உள்ளவரை நன்கு காப்பாற்றுங்கள்; துணையின்றித் தனித்து வையாதீர்கள்; புதிதாக வாங்கவும் விற்கவும் வேண்டாம். அவற்றுக்குப் பெயரிட்டிருந்தால் அப்பெயரை வசையோடு கலந்து ஒருநாளும் சொல்லாதீர்கள். நந்திவிசாலனுக்குக் கேட்டது அவற்றுக்கும் கேட்கும்.

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தாலோ, மருமகள் புகுந்தாலோ, வேலைக்கு ஒருவர் வந்தாலோ, அப்போதும் இந்த மூன்று கேள்விகளை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்க்கு முதலில் வேண்டுவது யாது? நாம் அழைக்கும் பெயர் அழைக்கவா, ஆளவா? ஆண் பெண் என்று நாம் கேட்பது அவர் நலத்துக்கா, நம் ஆசைக்கா?

சர்வ ஜீவராசிகளும் பகையின்றி, பயமின்றி, தத்தம் சிறகோடு வாழ்க!

நமோ புத்தாய.